தாமதப் பிறப்புப் பதிவு: வடசென்னை

குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பதிவாளரிடம் தெரிவிக்காத பிறப்பைப் பின்னாளில் பதிந்து சான்று பெறும் முறையே தாமதப் பிறப்புப் பதிவு. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். ராயபுரம் தொடங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை குப்பங்களும் ஆலைகளும் நெருக்கியடித்து நிற்கும் கடலோரத்தில் அது பட்ட பாடு தனி.

1880இல் தொடங்கிய ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை போன்ற இடங்களில் பிறந்தவர்களுக்குச் சிக்கல் குறைவு. தகவல் தரவேண்டியவர் பொறுப்பு மருத்துவர். வீட்டுப் பிரசவம் என்றால் அந்தக் கடமை குடும்பத் தலைவர் தலையில். மருத்துவச்சி பிரசவம் பார்த்த காலத்தில், கடலுக்கோ துறைமுக ஷிப்டுக்கோ போகும் தகப்பன் இதற்கென்று ஒரு நாள் கூலியை விடுவது அபூர்வம். பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலே சுற்றிக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது. தலைமையாசிரியர் ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுப் பள்ளியில் சேர்த்துக்கொள்வார். பள்ளி மாற்றுச் சான்றிதழான டி.சி.யில் ஏறிய அந்தத் தேதிதான் பிறகு ஆயுளுக்கும் பிறந்தநாள்.

பிறந்த 30 நாளுக்குள் தெரிவித்தால் கட்டணத்தோடு முடியும். ஓராண்டு வரை எழுத்துமூல அனுமதியும் நோட்டரி முன் எடுத்த பிரமாணப் பத்திரமும் வேண்டியிருந்தன. அதையும் தாண்டினால் முதல் வகுப்பு நடுவரின் உத்தரவு. கோர்ட்டு, வக்கீல், வாய்தா என்று அலைச்சல்.

2023 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் இங்கேதான் கைவைத்தது. பிரமாணப் பத்திரத்துக்குப் பதில் சுயசான்றொப்பமிட்ட ஆவணம் போதும். ஓராண்டு கடந்த பிறப்புகளுக்கு மாவட்ட ஆட்சியர், சார் ஆட்சியர் நிலையிலுள்ள நிர்வாக நடுவர்களே உத்தரவிடலாம். தமிழ்நாட்டில் மக்கள் இதற்காக நாடுவது வருவாய் கோட்டாட்சியரை, பேச்சுவழக்கில் ஆர்.டி.ஓ.வை. பிறப்பு உண்மைதானா என்ற விசாரணை மட்டும் போகவில்லை, போகவும் கூடாது.

குறையாத வேலை ஒன்று உண்டு: பிறப்பு பதிவாகவில்லை என்று பதிவாளர் தரும் 'பதிவு இல்லை' சான்று. அதற்கு முதலில் எந்த அலுவலகப் பதிவேட்டில் தேடுவது? குடும்பம் எங்கே வசிக்கிறது என்பது கணக்கில்லை, பிறந்த இடத்தில்தான் பதிவு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற ஊரில் இது பெரிய குழப்பம். காசிமேட்டுப் பிள்ளையின் பதிவு பழவேற்காட்டுப் பக்கம் இருக்கலாம். திருவொற்றியூரும் எண்ணூரை உள்ளடக்கிய கத்திவாக்கமும் 2011 வரை தனி நகராட்சிகள். பிறகே சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. எனவே மண்டல அலுவலகத்தில் கேட்கும்போது பழைய நகராட்சியின் பெயரையும் சொல்லிக் கேட்பது நல்லது.

பிறப்பு பதிவாகிப் பெயர் மட்டும் விடுபட்டிருந்தால் அது வேறு கணக்கு. முதல் 12 மாதம் இலவசமாகவும், 15 ஆண்டு வரை கட்டணத்தோடும் சேர்க்கலாம். அந்தக் கெடுவையும் தாண்டியவர்களுக்குத் தமிழ்நாடு அரசு 2024 டிசம்பர் 31 வரை அவகாசம் நீட்டியது.

2025இல் திருத்திய பாஸ்போர்ட் விதிகளின்படி, 2023 அக்டோபர் 1க்கு முன் பிறந்தவர் டி.சி. போன்ற ஆவணங்களையும் பிறந்த தேதிக்குச் சான்றாகக் காட்டலாம். அன்றைக்கோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்று ஒன்றே வழி. 21 நாளுக்குள் பதிந்தால் அது இலவசம்.