முரசொலியும் செவிச்செல்வமும்

குரலைக் கேட்டுப் பாடகரை இனங்காணுதல் எளிது. தாளத்தைக் கேட்டு இசையமைப்பாளர் இன்னாரெனக் கூறுதல் அரிது. இவ்வரிய பயிற்சியைத் தமிழ்த் திரையிசைச் சுவைஞர் நெடுங்காலமாகப் போற்றி வந்துள்ளனர். பேரா மாநிலத்து ஈப்போ நகரிலும், அதனைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழர்க்கும் இது புதியதன்று. எழுத்தறியா முதியவரும் பள்ளி மாணவரும் சரிநிகராக நின்று வாதிடத்தக்க களங்களுள் இஃது ஒன்று.

தோட்ட மக்களின் செவி தாளத்திற்குப் பழகிய செவியாகும். மாரியம்மன் திருவிழாவிலும் இறப்பு வீட்டிலும் தப்பு முழங்கியது. அடியின் வேறுபாட்டைக் கொண்டே நிகழ்வது மங்கலமா, இழவா என்பதை லயத்தில் இருந்தோர் உணர்ந்தனர். இத்தகையோர்க்கு முரசினையே உயிராகக் கொண்ட திரையிசை அயலானதாகத் தோன்ற இயலாது.

அவ்விசைக்குச் சிறந்த சான்று, எஸ். எஸ். வாசன் ஜெமினி நிறுவனத்தின் சார்பில் உருவாக்கிய 'சந்திரலேகா'. 1948 ஏப்ரல் 9 ஆம் நாள் வெளிவந்த அப்படத்தின் முரசு நடனத்திற்கு நானூறு கலைஞர்கள் பல மாதங்கள் பயிற்சி பெற்றனர். பேருருவ முரசுகளின்மீது ஆடல் நிகழ, அவற்றின் உள்ளே வீரர் மறைந்திருக்கின்றனர். ஆடல் முடிந்ததும் அவர்கள் வெளிப்பட்டுப் போர் தொடுக்கின்றனர். தாள முழக்கமே இங்குக் கதையை நடத்துகிறது.

படம் வெளிவந்த இரண்டு மாதங்களில் பேராவின் வாழ்வு மாறிற்று. 1948 ஜூன் 16 இல் சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று தோட்டத் துரைமார் கொல்லப்பட்டனர்; அவசரகாலம் பிரகடனமாயிற்று. 1960 வரை நீடித்த அக்காலத்தில் ஊரடங்கும் முட்கம்பி வேலியும் தோட்டத்தாரின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தின. இரவில் நகரத்துக் கொட்டகைக்குச் செல்வது அரிதான நிலையில், 1946 இல் நிறுவப்பெற்ற மலாயா வானொலியின் தமிழ் ஒலிபரப்பு வேலியைக் கடந்து வந்தது. காட்சியின்றி ஒலியை மட்டும் கேட்போர்க்குச் செவியே கண்ணாயிற்று.

'சந்திரலேகா'வின் இசை எவருடையது என வினவினால், எஸ். ராஜேஸ்வர ராவ் என்பது தேர்ந்த சுவைஞரின் விடை. பாடல்களுக்கு இசையமைத்தவர் அவரே. எனினும் பின்னணி இசையில் எம். டி. பார்த்தசாரதி முதலியோர்க்கும் பங்குண்டு. தோலில் கைபட்டு முழக்கிய கலைஞர்களின் பெயர்களோ இசைத்தட்டின் முகப்பில் இடம்பெறும் வழக்கமே அன்று இல்லை. ஆகவே சரியான விடையும் முழு விடையாகாது. தோட்டத்தில் தப்படித்தவர்க்கும் நேர்ந்த நிலை இதுவே: ஊரார் அடியை அறிந்தனர், அடித்தவர் பெயரை ஏடு அறியவில்லை.

ரப்பர் மரங்கள் நின்ற நிலம் பலவிடங்களில் செம்பனைக்கும் குடியிருப்புக்கும் இடமளித்துவிட்டது. லயங்கள் பல மறைந்தன. எஞ்சியிருப்பது முதியோரின் செவிநினைவு. அவர்கள் ஒரு பழந்தாளத்தைக் கேட்டுப் பெயர் சொல்லும்போது, அப்பெயரோடு நில்லாது, "முழக்கிய கை எவருடையது?" என மாணவர் வினவுதல் வேண்டும்; கிடைக்கும் விடையை எழுதிவைத்தலும் வேண்டும். ஏட்டில் ஏறாத வரலாறு அவ்வாறே ஏடு ஏறும்.