டிரெய்லரும் ஒரு எல்லைக் கோடும்

உங்களிடம் பழைய ஃபைபர் டிரெய்லர் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு போனால் ராத்திரி உள்ளேயே தூங்கலாம், சாமானும் ஏற்றலாம். வண்டி நிற்பது திருத்தணியில். வாங்க வருகிறவர் நகரிக்காரர். "அட, பக்கத்து ஊர்தானே!" என்பீர்கள்.

பக்கத்து ஊர்தான். 1960 மார்ச் 31 வரை இரண்டுமே சித்தூர் மாவட்டம்தான். மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் கிளப்பிய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் சிபாரிசு, 1959-ல் பாராளுமன்றம் போட்ட சட்டம்... ஏப்ரல் 1 விடிந்தபோது திருத்தணி சென்னை ராஜ்யத்தில் இருந்தது. நகரி ஆந்திராவிலேயே தங்கிவிட்டது.

அந்தக் காலத்துக் கூண்டு வண்டி என்றால் அச்சையும் சக்கரத்தையும் தட்டிப் பார்த்துவிட்டுக் காசை எண்ணிக் கொடுத்துவிடலாம். ஃபைபர் சமாசாரம் வேற. 1968-ல் கனடாவின் வின்னிபெக் நகரில் ரே ஒலெக்கோ என்பவர் 'போலர்' என்ற ஃபைபர் டிரெய்லரைக் கொண்டுவந்தார். பார்க்கத் தொப்பி மாதிரி இருக்கும். ஃபைபர் துருப்பிடிக்காது இல்லையா? அரை நூற்றாண்டு தாண்டியும் அவை கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

நம்ம ஊரில், 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லருக்கும் பதிவு உண்டு. அரக்கோணத்துக்காரருக்கு விற்றால் 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் சொல்லணும். நகரிக்காரருக்கு என்றால் தடையில்லாச் சான்று வாங்கி 45 நாளுக்குள் அனுப்பணும். அந்த 1960 கோடு பண்ணுகிற வேலை!

காசு கைக்கு வந்ததும் கணக்கு முடிந்தது என்றுதான் என் பி.காம். புத்தி சொல்லும். முடியாது சார்! பல கை மாறிய ஒரு கார், விபத்து. 2018-ல் உச்ச நீதிமன்றம், ஆர்.சி. புத்தகத்தில் பெயர் இருந்த பழைய ஓனர்தான் நஷ்டஈடு கட்டணும் என்றது. வண்டியை அவர் விற்று வருஷக்கணக்காகியிருந்தது.