பாய்ஸ் கம்பெனியும் கோடை முகாமும்

கோடை விடுமுறையில் பிள்ளைகளை நடிப்பு, குறும்படப் பயிற்சி முகாமுக்கு அனுப்பும் பெற்றோர், காலையில் தண்ணீர் பாட்டிலோடு விட்டுவிட்டு மாலையில் அழைத்து வந்துவிடுகிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பு நடிப்புப் பயிற்சி என்றால் சிறுவர்கள் வீட்டை விட்டே போக வேண்டும்.

1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். நடிகர்கள் எல்லாரும் சிறுவர்கள். டி.கே.சண்முகம் அதில் சேர்ந்தபோது வயது ஆறு. பாட்டு, வசனம் எல்லாம் மனப்பாடம். பெண் வேடமும் பையன்களுக்குத்தான். குரல் உடைந்தால் பாடும் வேடம் போய்விடும்.

விழுப்புரத்தில் 1928-இல் பிறந்தவர் சிவாஜி கணேசன். திருச்சியில் சிறுவனாக இருந்தபோது, தான் ஓர் அநாதை என்று பொய் சொல்லி நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே சீதையாக நடித்தார். பல ஆண்டுகள் பெற்றோரைப் பார்க்கவில்லை. 1952-இல் 'பராசக்தி'யில் நீண்ட வசனங்களைத் தெளிவாகப் பேச முடிந்ததற்கு அந்தப் பயிற்சியே அடிப்படை.

முகாமுக்குப் போகும் பிள்ளையை ஒரு வாரம் முன்பே சத்தமாக வசனம் சொல்லப் பழக்கலாம். பாய்ஸ் கம்பெனியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான். அந்தப் பிரிவு எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம்.