தரைக்குக் கீழே ஒரு கேமரா: ஒளிப்படத் திருத்தத்தில் பிரதிபலிப்பின் வளர்ச்சி

திருத்து மென்பொருளில் ஒரு பொருளுக்குப் பிரதிபலிப்பு சேர்க்கும் பழக்கம், அதன் படத்தை நகலெடுத்துத் தலைகீழாக்கி அடியில் ஒட்டுவதில் தொடங்கியது. 1990இல் வெளியான போட்டோஷாப்பின் முதல் பதிப்பில் அடுக்குகள் (லேயர்கள்) இல்லை. ஒட்டிய துண்டு பின்னணியோடு கலந்துவிட்டால், அதை மீண்டும் தனியே நகர்த்த இயலாது. 1994இல் வந்த 3.0 பதிப்பு லேயர்களைக் கொண்டுவந்தது. தலைகீழ் நகலைத் தனி லேயரில் வைத்து, அதன் அடர்த்தியைக் குறைத்து, கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மாறும் மாஸ்க் கொண்டு படிப்படியாக மங்கச் செய்யும் முறை அதன்பின் வழக்கமாயிற்று.

2000களில் இம்முறை ஓர் அலங்கார மரபாகவே மாறியது. 2006இல் ஐடியூன்ஸ் 7 காட்டிய கவர் ஃப்ளோவில் இசைத்தொகுப்பு அட்டைகள் கருமையான பளபளப்புத் தரையில் பிரதிபலித்தபடி நின்றன. பவர்பாயிண்ட் 2007 பிரதிபலிப்பை ஒரு சொடுக்கில் தந்தது. 2013இல் ஐஓஎஸ் 7 தட்டையான தோற்றத்தை முன்வைத்தபின் திரை வடிவமைப்பில் இந்த மோகம் தணிந்தது. பொருள் விளம்பரங்களில் தொடர்ந்தது.

தலைகீழ் நகல் எல்லா இடங்களிலும் சரியான பிரதிபலிப்பு ஆகாது. கேமரா தரைக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு ஆழத்தில் தரைக்குக் கீழே இன்னொரு கேமரா இருந்தால் அது காணக்கூடிய காட்சியே, தலைகீழாகப் பளபளப்பான தரையில் தெரிகிறது. சற்று மேலிருந்து எடுத்த கோப்பையின் படத்தில் உட்புறம் தெரியும். பிரதிபலிப்பில் அது தெரியவே கூடாது. மூலைப்பக்கமாகப் பார்க்கும் பெட்டியின் கீழ்விளிம்புகள் இரண்டும் சாய்ந்து செல்வதால், முழுப்படத்தையும் திருப்பினால் பெட்டியும் நகலும் ஒரு மூலையில் மட்டும் தொட்டு, மற்ற இடங்களில் பிளவு விடும். ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியே திருப்பிச் சாய்த்துப் பொருத்த வேண்டும். 2005இல் போட்டோஷாப்பின் சிஎஸ்2 பதிப்பில் வந்த வார்ப் (வளைப்பு), வேனிஷிங் பாயிண்ட் (மறையும் புள்ளி) கருவிகள் இவ்வேலையை வெகுவாக எளிதாக்கின. கோப்பையின் சிக்கல் மட்டும் தீரவில்லை. எடுத்த படத்தில் இல்லாத கோணத்தை எந்த வளைப்பும் தராது.

மங்கலாக்கும் மாஸ்க்குக்கு ஓரளவு இயற்பியல் அடிப்படை உண்டு. செங்குத்தாக நோக்கினால் நீர்ப்பரப்பு ஏறத்தாழ 2 விழுக்காடு ஒளியையே திருப்புகிறது. பார்வை பரப்பை ஒட்டிச் சாயச் சாய அது 100 விழுக்காட்டை நெருங்கும். எனவே பார்ப்பவருக்கு அருகிலுள்ள பகுதியில் பிரதிபலிப்பு நலிந்திருக்கும். சொரசொரப்பான பரப்பிலோ பிரதிபலிப்பு, பொருள் தரையைத் தொடும் இடத்தில் கூர்மையாக இருந்து, விலக விலகக் கலங்கும். இந்த இரண்டையும் ஒரே மங்கல் மாஸ்க்கால் காட்ட முயன்றதே பல விளம்பரப் படங்களின் செயற்கைத்தன்மைக்குக் காரணம்.

கணினி வரைகலை பிரதிபலிப்புச் சிக்கலை முன்பே வேறு வழியில் தீர்த்திருந்தது. 1976இல் பிளின், நியூவெல் இருவரும் சூழலின் படத்தை வளைந்த பரப்பின்மேல் பொருத்திப் பிரதிபலிப்பு காட்டினர். 1980இல் டர்னர் விட்டெட் ஒளிக்கதிர்களைப் பின்தொடர்ந்து கணக்கிட்டார். இரண்டுக்கும் முப்பரிமாண வடிவம் தேவை. அது ஒளிப்படத்தில் இல்லை. 2007இன் போட்டோஷாப் சிஎஸ்3 எக்ஸ்டெண்டட் முப்பரிமாண லேயர்களைச் சேர்த்தது இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சிகளில் ஒன்று. 2023இல் போட்டோஷாப்பில் வந்த ஜெனரேட்டிவ் ஃபில், வடிவியலைக் கணக்கிடாமல், கற்ற படங்களின் போக்கில் பிரதிபலிப்பை ஊகிக்கிறது.

அந்த ஊகத்தையும் கையால் செய்த ஒட்டையும் சோதிக்க ஒரே அளவுகோலைப் பயன்படுத்தலாம். ஜேம்ஸ் ஓ'பிரையனும் ஹானி ஃபரீத்தும் 2012இல் விளக்கியபடி, பொருளின் புள்ளிகளையும் சமதளக் கண்ணாடியில் தெரியும் அவற்றின் பிம்பங்களையும் இணைக்கும் நேர்கோடுகள் படத்தில் ஒரே மறையும் புள்ளியில் கூட வேண்டும்; கூடாவிட்டால் படத்தில் கைவைக்கப்பட்டுள்ளது.