பத்து விநாடியில் பெரிய மார்க்கெட்

போன வருஷம் கல்லூரி நண்பன் ஒருவனிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. சாம்பல் நிறப் பெட்டி, எட்டு ஸ்லைடர், பக்கத்தில் ஃபிளாப்பி போடும் வாய். கீழே ஒரு வரி: "சித்தப்பா வீட்ட காலி பண்றாராம். உனக்கு வேணுமான்னு கேக்குறாரு."

நண்பனின் குடும்பம் புதுச்சேரியில் 'சொல்தா' குடும்பம் என்று சொல்லப்படுகிற வகை. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், சித்தப்பா பாரிஸிலேயே தங்கிவிட்டவர். பெட்டியின் பெயர் ஈ-மியூ எஸ்பி-1200. வெளிவந்த ஆண்டு 1987. நியூயார்க் ஹிப்ஹாப்பின் பொற்காலம் என்று சொல்லப்படும் ஆண்டுகளின் பாதி டிரம்ஸ் இந்தப் பெட்டிக்குள்ளிருந்துதான் வந்தது என்று பேசுவார்கள். பகலில் கோடு அடித்து இரவில் பீட் செய்கிற என்னைப் போன்றவனுக்கு அது கோயில் சிலை மாதிரி. சித்தப்பா கேட்ட விலையில் இன்றைய புது சாம்பிளர் மூன்று வாங்கலாம்.

மூன்று மாதம் பதில் சொல்லாமல் இழுத்தேன். அந்த மூன்று மாதத்தில் படித்ததும் யோசித்ததும், நடுவில் தெரிந்துகொண்ட என்னுடைய ஒரு தவறும்தான் இந்தக் கட்டுரை.

*

சாம்பிளர் என்றால் என்ன? ஒரு சத்தத்தைப் பிடித்து, துண்டு போட்டு, ஒரு பட்டனுக்கு அடியில் வைத்துக்கொள்வது. தட்டினால் அது ஒலிக்கும். அவ்வளவுதான். யோசனை கணினியை விடப் பழையது. 1948-ல் பாரிஸ் வானொலியில் வேலை பார்த்த பியர் ஷேஃபர் என்கிற பொறியாளர், பதினோல் ரயில் நிலையத்தில் ரயில்களின் சத்தத்தைப் பதிவுசெய்து, அதை வெட்டியும் திருப்பியும் அடுக்கி ஒரு இசைத்துண்டு செய்தார். அன்று அவரிடம் டேப் இல்லை, இசைத்தட்டுதான். தட்டின் பள்ளத்தைச் சுருளாக ஓடவிடாமல் ஒரே வட்டமாக மூடிவிட்டால், முள் அங்கேயே சுற்றிச் சுற்றி வரும். கீறல் விழுந்த தட்டு ஒரே இடத்தில் மாட்டிக்கொள்ளுமே, அதேதான். ஆனால் வேண்டுமென்றே. இன்று 'லூப்' என்று சொல்வதன் தாத்தா அது. அந்த ஆண்டு புதுச்சேரியிலும் பிரெஞ்சுக் கொடிதான் பறந்துகொண்டிருந்தது. அந்த ரயிலை ஒலிபரப்பிய வானொலிக்குச் சொந்தமான அரசுதான் நம் பெரிய மார்க்கெட்டையும் ஆண்டுகொண்டிருந்தது.

1979-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஃபேர்லைட் வந்தது. சத்தத்தை எண்களாக மாற்றிக் கீபோர்டில் வாசிக்க வைத்த கருவி. விலை ஒரு வீட்டின் விலை. 1981-ல் ஈ-மியூ நிறுவனத்தின் எமுலேட்டர் கொஞ்சம் கீழே இறங்கி வந்தது. 1987-ல் எஸ்பி-1200. அடுத்த ஆண்டே அக்காய் நிறுவனத்துக்காக ரோஜர் லின் வடிவமைத்த எம்பிசி60. இந்த இரண்டும்தான் படுக்கையறையில் உட்கார்ந்து பாட்டு செய்கிற காலத்தைத் தொடங்கிவைத்தவை.

*

இப்போது பழைய மெஷின்காரர்களின் வாதத்துக்கு வருவோம். "அந்த வார்ம்த் புதுசுல வராது மச்சி." இன்ஜினியரிங் படித்த பாவத்துக்கு அந்த 'வார்ம்த்' எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன்.

எஸ்பி-1200 ஒரு விநாடிக்கு 26,040 முறை சத்தத்தை அளக்கிறது. சிடியில் அது 44,100. அளக்கும் எண்ணிக்கையில் பாதி வரைக்கும்தான் அதிர்வெண்ணைப் பிடிக்க முடியும் என்பது விதி. ஆக, 13 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதெல்லாம் போச்சு. ஒவ்வொரு அளவையும் 12 பிட்டில் எழுதுகிறது, அதாவது 4,096 படிகள். சிடியில் 65,536. ஏணியின் படிகள் அகலமாக இருப்பதால் சத்தம் கொஞ்சம் கரகரவென்று இறங்கும். டிரம்ஸுக்கு அந்தக் கரகரப்பு நன்றாக ஒட்டுகிறது.

முக்கியமான விஷயம் நினைவகம். மொத்தம் 10 விநாடி. ஒரு துண்டுக்கு அதிகபட்சம் 2.5 விநாடி. கணக்குப் போட்டால் 400 கிலோபைட்டுக்கும் குறைவு. காலையில் பெரியம்மா அனுப்பும் 'குட் மார்னிங்' ரோஜாப் படம் இதைவிடப் பெரியதாக இருக்கலாம்.

பையன்கள் என்ன செய்தார்கள்? 33 வேகத்தில் ஓடவேண்டிய இசைத்தட்டை 45-ல் ஓடவிட்டுப் பதிவுசெய்தார்கள். சத்தம் சுருங்கி வேகமாக உள்ளே போகும். பிறகு மெஷினுக்குள் அதைத் தாழ்த்தி மெதுவாக்கினார்கள். இப்படி 2.5 விநாடி இடத்தில் கிட்டத்தட்ட 3.4 விநாடியை அடைக்கலாம். பஸ்ஸில் மூணு பேர் சீட்டில் நாலு பேர் உட்காருகிற அதே டெக்னிக். ஆனால் மெதுவாக்கும்போது நடுவில் விட்டுப்போகும் இடங்களை நிரப்ப அந்த மெஷினுக்கு அழகான கணக்கு தெரியாது. பக்கத்து எண்ணையே திரும்ப எழுதிவிடும். அதனால் மூலச் சத்தத்தில் இல்லாத ஒரு உலோக மினுமினுப்பு மேலே வந்து உட்காரும். நாம் கேட்டு உருகுகிற வார்ம்த்தில் பெரும்பகுதி இந்தப் பிழைதான்.

எம்பிசி60-ன் 'ஸ்விங்' பற்றியும் இதே மாதிரி ஒரு புராணம் உண்டு. ரோஜர் லின் தன் முந்தைய டிரம் மெஷின்களிலேயே வைத்திருந்த வித்தை அது. ஜோடி ஜோடியாக வரும் பதினாறாம் பங்கு அடிகளில் இரண்டாவதைக் கொஞ்சம் தாமதப்படுத்துவது. 50 சதவீதம் என்றால் இரண்டும் சமம். 66-ஐத் தொட்டால் கிட்டத்தட்ட திஸ்ர நடை. நடுவில் 54, 58 என்று நிறுத்தினால் தலை தானாக ஆடும். அவரே பேட்டிகளில் அதில் மந்திரம் ஏதுமில்லை என்றுதான் விளக்கியிருக்கிறார். நான் பைத்தானில் எழுதிப் பார்த்தேன், பத்து வரி கூட வரவில்லை.

ஆக, ஒலியை மட்டும் பார்த்தால் தீர்ப்பு எளிது. அந்தப் பிழைகளையெல்லாம் இன்றைய மெஷினில் எஃபெக்ட்டாக வைத்துத் தருகிறார்கள். நிஜமான எஸ்பி-1200 தான் வேண்டுமென்றால் அதன் மூல வடிவமைப்பாளர்களில் ஒருவரான டேவ் ராஸமே 2021-ல் மறுபதிப்பு அறிவித்தார். விலை 3,999 டாலர்.

*

ஆனால் எனக்கு வேறொரு கேள்வி வந்தது. 1987-ல் அந்த நியூயார்க் பையன்கள் 'விண்டேஜ்' மெஷினா தேடினார்கள்? இல்லை. அவர்கள் வாங்கியது அந்த ஆண்டின் புத்தம் புது மெஷின். கைக்கு எட்டிய விலையில் கிடைத்த புதுசு. அதன் குறைகளோடு சண்டை போட்டதில் ஒரு ஒலி பிறந்தது. நாம் இன்று பழையதை வாங்கும்போது அவர்கள் செய்ததைச் செய்யவில்லை, அவர்கள் விட்டுப்போனதை வாங்குகிறோம்.

தமிழிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. கம்ப்யூட்டர் சீக்வென்சரைப் பயன்படுத்திய தொடக்கத் தமிழ்ப் படங்களில் ஒன்று 1986-ல் வந்த 'புன்னகை மன்னன்'. இளையராஜா அன்றைக்குப் புதுசாக இருந்ததைத்தான் கையில் எடுத்தார். 1992-ல் 'ரோஜா'வுக்குக் கோடம்பாக்கத்து வீட்டு ஸ்டூடியோவில் உட்கார்ந்த ஏ. ஆர். ரஹ்மானும் அப்படியே. மாயா என்கிற மாதங்கி அருள்பிரகாசம், உலகத்துக்கு எம்.ஐ.ஏ., 2005-ல் வந்த 'அருளர்' ஆல்பத்தின் ஆரம்ப வடிவங்களைச் செய்தது ரோலண்ட் எம்சி-505 என்கிற குரூவ்பாக்ஸில். அன்று அது விண்டேஜும் இல்லை, உச்சமும் இல்லை. லண்டனில் ஒரு அறையில் கைக்குக் கிடைத்தது. இரண்டு ஆண்டு கழித்து 'கலா' ஆல்பத்தில் அவர் சென்னைக்கு வந்து உறுமிக்காரர்களைப் பதிவுசெய்தார். 'தளபதி' படப் பாடல் ஒன்றையும் துண்டெடுத்துப் போட்டார். அதற்கு முன்பே, 2003-ல், பிளாக் ஐட் பீஸ் 'ஸ்ரீ ராகவேந்திரர்' படத்திலிருந்து இளையராஜாவின் ஒரு பாடலை வெட்டி எடுத்திருந்தார்கள். 2006-ல் மலேசியாவின் யோகி பி குழு 'நிழல்கள்' பாட்டை எடுத்து ராப் ஆக்கியபோது நம்மூர் டீக்கடைகளே அதைப் போட்டன. நாம் வெட்டப்படுகிறவர்களாகவும் வெட்டுகிறவர்களாகவும் ஒரே நேரத்தில் இருந்திருக்கிறோம். எந்தப் பெட்டியில் வெட்டினார்கள் என்று டீக்கடையில் யாரும் கேட்கவில்லை.

*

வெட்டப்படுகிறவர் பற்றி ஒன்று சொல்லவேண்டும். உலகில் மிக அதிகமாக சாம்பிள் செய்யப்பட்ட டிரம்ஸ் என்று சொல்லப்படுவது, 1969-ல் தி வின்ஸ்டன்ஸ் என்கிற குழு பதிவுசெய்த 'ஆமென் பிரதர்' பாட்டின் நடுவில் வரும் சுமார் 7 விநாடி. வாசித்தவர் கிரிகரி கோல்மன். ஆயிரக்கணக்கான பாடல்கள் அந்த 7 விநாடியின் மேல் நிற்கின்றன. அவருக்கு அதிலிருந்து பணம் எதுவும் வரவில்லை. 2006-ல் வறுமையில் இறந்துபோனார். குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்காக 2015-ல் ரசிகர்கள் சுமார் 24,000 பவுண்டு திரட்டிக் கொடுத்தார்கள். கோல்மனுக்கு அதுவும் கிடையாது.

இதைப் படித்தபோதுதான் எனக்கு பெரிய மார்க்கெட் ஆயா ஞாபகம் வந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பெரிய மார்க்கெட் சத்தங்களை வைத்து ஒரு பீட் செய்யலாம் என்று கிளம்பினேன். நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவில், அரசாங்கப் பலகையில் கூபேர் அங்காடி, ஊர் வாயில் பெரிய மார்க்கெட். ஐஸ் கட்டியை உடைக்கிற சத்தம் அருமையான ஸ்னேர். அரிவாள்மணையில் வஞ்சிரம் இறங்குகிற சத்தம் கிக்குக்கு மேல் போட்டால் நிற்கும். மீன் பக்கத்தில் ஒரு ஆயா இருந்தார். கூறு கட்டி வைத்த சங்கராவுக்கு அவர் விலை கூவுவதில் ஒரு இழுப்பு இருக்கும். கடைசி எழுத்து மேலே ஏறி நிற்கும். நான் போனை நீட்டினேன்.

"என்னா தம்பி, போட்டோவா?"

"இல்ல ஆயா, உங்க கொரலு."

"கொரல வெச்சி என்னா பண்ணுவ? மீன வாங்கு."

வாங்கினேன். பிறகு அவர் பேச ஆரம்பித்தார். சின்ன வயசில் அம்மாவோடு தலைக்கூடையில் மீன் கொண்டுவந்தது, அப்போது விலையை எப்படிக் கூவுவார்கள் என்பது. கூவியும் காட்டினார். எனக்கு அப்போது எஸ்பி-1200 பித்து. 2.5 விநாடிக்கு மேல் பதிவுசெய்யக் கூடாது என்று எனக்கு நானே விதி போட்டிருந்தேன். கட்டுப்பாடுதான் கலை என்று எங்கோ படித்த திமிர். ஒரு கூவலை மட்டும் பிடித்துக்கொண்டு ரெகார்டிங்கை நிறுத்திவிட்டேன். மீதியைச் சும்மா தலையாட்டிக் கேட்டேன்.

பீட் வந்தது. பரவாயில்லாமல் இருந்தது. நாற்பது பேர் கேட்டார்கள்.

இந்த வருஷம் கோல்மன் கதையைப் படித்த மறுநாள் காலை, அவருக்குப் போட்டுக் காட்டவே இல்லையே என்று மார்க்கெட்டுக்குப் போனேன். அந்த இடத்தில் அவர் மகள் உட்கார்ந்திருந்தார். ஆயா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். ஹெட்போனைக் கொடுத்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மாட்டினார். பீட் வேண்டாம், குரல் மட்டும் போடு என்றார். போட்டேன். இன்னொரு தடவை போடு என்றார். நாலைந்து தடவை கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"இவ்ளோதான் இருக்கா தம்பி?"

இவ்வளவுதான் இருந்தது. 2.3 விநாடி. என் போனில் அன்றைக்கு 40 ஜிபி காலியாக இருந்தது.

*

இந்த மார்க்கெட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் திட்டமும், அதற்கு வியாபாரிகளின் எதிர்ப்பும் சில ஆண்டுகளாக ஊரில் பேச்சு. கட்டடம் நிற்குமா போகுமா என்பது என் கையில் இல்லை. ஆனால் கூரை மாறினால் எதிரொலி மாறும், நடைபாதையின் அகலம் மாறினால் கூவலின் உரப்பு மாறும். அது சாம்பிள் செய்கிறவனுக்குத் தெரிந்திருக்கவேண்டிய விஷயம்.

எஸ்பி-1200-ன் 10 விநாடி ஒரு கட்டாயம். அன்று மெமரி சிப் விலை அப்படி. அந்தப் பையன்கள் முடிந்திருந்தால் 10 நிமிடம் எடுத்திருப்பார்கள், அதற்காகத்தான் தட்டை 45-ல் ஓடவிட்டார்கள். நான் அவர்களுடைய கட்டாயத்தை எடுத்து விரதமாக்கிக்கொண்டேன். அதுவும் தப்பான இடத்தில். குறைவாக வைத்துக்கொள்வது பீட் செய்யும்போது நல்ல விதி. காது பதிவுசெய்யும்போது அது வெறும் கஞ்சத்தனம்.

சித்தப்பாவுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொன்னேன். காரணங்களில் பாதி சாதாரணமானவை. 35 வருஷத்து கெபாசிட்டர்கள் எப்போது வேண்டுமானாலும் கசியும், கடற்காற்று வேறு. கெட்டால் பார்க்க இங்கே ஆள் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே, "நீ வேணான்னா இங்க ஒரு பிரெஞ்சுப் பையன் ரெடியா இருக்கான்" என்றார். நல்லவேளை, அது யாரோ ஒருவர் கையில் தட்டுப்படும். அது நல்ல மெஷின்தான்.

நான் வாங்கியது ரோலண்ட் எஸ்பி-404 எம்கே2. 2021-ல் வந்தது. ஆறு பென்சில் பேட்டரியில் ஓடும், மீன் கடை ஓரத்தில் வைத்துத் தட்டலாம். ஒரே சாம்பிள் 16 நிமிடம் வரை போகும். நீங்கள் இப்போதுதான் ஆரம்பிக்கிறீர்கள் என்றால் என் பதிலும் அதுதான்: கைக்கு எட்டுகிற விலையில் இருக்கிற புதுசை வாங்குங்கள், பத்து விநாடி விதியை உள்ளே நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ரெகார்டரை அணைக்காதீர்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். ஆயாவின் மகள் கூவுவது வேறு மாதிரி, அந்த இழுப்பு இல்லை. போன வாரம் ஒரு மணி நேரம் 12 நிமிடம் பதிவாகியிருக்கிறது. அதில் அவர் என்னைத் திட்டுவதும் இருக்கிறது, "ஓரமா நில்லு தம்பி, யாவாரம் கெடுது" என்று. எதையும் வெட்டவில்லை. அன்று சாயங்காலம் முழுசையும் அவர் பையனின் போனுக்கு அனுப்பிவிட்டேன்.