இறங்கிப் பார்க்க வேண்டியவர் யார்?

இருப்புப்பாதையும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடத்தில் முதலில் செல்லும் உரிமை எதற்கு என்னும் வினாவுக்கு விடை எளிது. விரைந்து வரும் சரக்கு ரயில் ஒன்று நிற்பதற்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேலான தொலைவு வேண்டியிருக்கும். லாரியோ சில கெஜ தூரத்தில் நின்றுவிடும். நிற்கக் கூடியதுதான் நிற்க வேண்டும். இதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் லாரி ஓட்டுநர் நின்றார், பார்த்தார், செவிகொடுத்தும் கேட்டார், அதன் பிறகும் ரயிலில் மோதுண்டார் என்றால் பொறுப்பு யாருடையது? அமெரிக்க நாட்டின் உச்சநீதிமன்றம் ஏழாண்டுகளுக்குள் இருமுறை இந்த வினாவைச் சந்தித்தது. இரண்டு முறையும் அது தந்த விடைகள் வேறு வேறானவை.

முதல் வழக்கு, பால்டிமோர் - ஒஹையோ ரயில்வே நிறுவனத்துக்கும் குட்மன் என்பவரின் மனைவிக்கும் இடையே நடந்தது. குட்மன் லாரி ஓட்டி வந்தார். நல்ல பகல் வேளை. அவருக்குப் பழக்கமான கடவுதான். மணிக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் வேகத்தில் வந்தவர், கடவுக்கு நாற்பதடி தொலைவிலேயே வேகத்தை ஐந்தாறு மைலாகக் குறைத்துக்கொண்டார். கடவுக்கு வடக்கே 243 அடி தூரத்தில் ரயில்வேக்குச் சொந்தமான கட்டடம் ஒன்று பார்வையை மறைத்துக்கொண்டிருந்தது. முதல் தண்டவாளத்துக்கு இருபதடி அருகே வரும்வரை அதற்கப்பால் எதையும் காண இயலாது. ரயிலோ மணிக்கு அறுபது மைலுக்குக் குறையாத வேகத்தில் வந்தது. அந்த வேகத்தில் 243 அடியைக் கடக்க மூன்று வினாடி கூட ஆகாது என்பதை வாசகர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். குட்மன் உயிரிழந்தார்.

கீழ்நீதிமன்றங்கள் இரண்டும் விதவையின் பக்கம் தீர்ப்பளித்தன. 1927 அக்டோபர் 31ஆம் நாள் உச்சநீதிமன்றம் அவற்றை மாற்றிற்று. தீர்ப்பை எழுதியவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். சட்ட உலகில் இன்றும் பெருமதிப்போடு பேசப்படும் பெயர். அப்போது அவருக்கு வயது 86. மோட்டார் வண்டி என்பதே இல்லாத 1841இல் பிறந்தவர் அவர். ரயில் வருகிறதா இல்லையா என்பதை வேறு எவ்வகையிலும் உறுதி செய்துகொள்ள முடியாவிட்டால், ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இறங்கியே பார்க்க வேண்டும். அப்படிச் செய்யாமல் செல்பவர் தம் பொறுப்பிலேயே செல்கிறார் என்பது அவர் வகுத்த விதி. இத்தகைய ஒழுங்குகளை ஒவ்வொரு வழக்கிலும் ஜூரியின் மனப்போக்குக்கு விட்டுவிடாமல், நீதிமன்றமே ஒருமுறை தெளிவாக வரையறுத்துவிடுவது நல்லது என்றும் அவர் கருதினார்.

அன்றைய அமெரிக்கச் சட்டத்தின் ஒரு கடுமையை இங்கே நாம் மனத்தில் கொள்ள வேண்டும். பாதிக்கப்பட்டவர் மீதும் சிறிதளவு கவனக்குறைவு உண்டென்று மெய்ப்பிக்கப்பட்டால், பெரும்பாலான மாநிலங்களில் அவருக்கு ஒரு காசும் இழப்பீடாகக் கிட்டாது. ரயில்வே எவ்வளவு பெரிய தவறு செய்திருந்தாலும் சரியே. ஆகவே ‘இறங்கிப் பார்க்கவில்லை’ என்னும் ஒரு சொல், குடும்பத்தலைவனை இழந்த ஒரு வீட்டின் வழக்கை முழுவதுமாக மூடிவிடப் போதுமானதாயிற்று.

இரண்டாம் வழக்கு இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் எழுந்தது. போகோரா என்பவர் லாரியோடு கடவை அடைந்தார். அங்கே வாபாஷ் ரயில்வேக்கு நான்கு தண்டவாளப் பாதைகள். முதல் பாதையில் சரக்குப் பெட்டிகள் வரிசையாக நிறுத்தப்பட்டு, வடக்குப் பக்கத்தை முற்றிலும் மறைத்திருந்தன. அவர் நின்றார், பார்த்தார், காது கொடுத்தார். மணியோசையும் இல்லை, ஊதலும் இல்லை. மெல்ல வண்டியைச் செலுத்தி முதன்மைப் பாதைக்கு வந்தபோது, வடக்கிலிருந்து இருபத்தைந்து முப்பது மைல் வேகத்தில் வந்த பயணிகள் ரயில் மோதிற்று. காயமுற்ற அவர் தொடுத்த வழக்கைக் கீழ்நீதிமன்றங்கள் ஹோம்ஸின் விதியைக் காட்டித் தள்ளின.

1934 ஏப்ரல் 2ஆம் நாள் வந்த தீர்ப்பை எழுதியவர் பெஞ்சமின் கார்டோசோ. 1932இல் ஹோம்ஸ் ஓய்வு பெற்றபோது அதே இருக்கைக்கு நியமிக்கப்பட்டவர் அவர். முன்னவரின் விதியை அவர் சாலையிலேயே கொண்டுபோய் வைத்துச் சோதித்தார் எனலாம். போகோரா இறங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்? பெட்டிகளைத் தாண்டி முதன்மைப் பாதையின் விளிம்புவரை நடந்திருப்பார். இரு பக்கமும் பார்த்திருப்பார். திரும்பி வந்து லாரியில் ஏறிப் புறப்பட்டிருப்பார். அதற்குள், பார்த்தபோது இல்லாத ரயில் கடவுக்கே வந்திருக்கலாம். இறங்கிப் பார்ப்பது பல நேரங்களில் பயனற்றது. சில நேரங்களில் அதுவே ஆபத்து. வழக்கமில்லாத ஒன்றை எல்லார்க்கும் பொதுவான கடமையாக்குவது முறையன்று என்று கூறி, வழக்கை ஜூரியின் முன்வைக்கும்படி அனுப்பினார் கார்டோசோ.

கார்டோசோவின் வாதமே நம் அறிவுக்குப் பொருந்துகிறது. ஆயினும் ஹோம்ஸை எளிதில் ஒதுக்கிவிடவும் மனம் வரவில்லை. 1938 டிசம்பர் 1ஆம் நாள் காலை, யூட்டா மாநிலத்தில் பனி பொழிந்துகொண்டிருந்த வேளையில் ஒரு பள்ளிப் பேருந்து சரக்கு ரயிலின் குறுக்கே சென்றது. ஓட்டுநரோடு இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் மாண்டனர். இத்தனைக்கும் அந்த ஓட்டுநர் கடவில் நிற்காமல் சென்றவரல்லர். அதன்பின் அந்நாட்டில் பள்ளிப் பேருந்துகள் கடவில் நிற்பதோடு கதவையும் திறந்துவைத்துச் செவிகொடுத்த பிறகே நகர வேண்டும் என்னும் வழக்கம் சட்டமாகிப் பரவிற்று. இறங்கச் சொன்னார் ஹோம்ஸ். அந்த அளவுக்குப் போகாமல் கதவைத் திறக்கச் சொன்னது பிற்காலச் சட்டம்.

நம் நாட்டுக்கு வருவோம். அமெரிக்க நீதிமன்றம் கைவிட்ட விதி, நம்முடைய 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 131ஆம் பிரிவில் ஏறத்தாழ அப்படியே குடியிருப்பதைக் காண்கிறோம். ஆளில்லாக் கடவை அணுகும் ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும். கண்டக்டரோ கிளீனரோ உடனிருப்பவர் வேறெவரோ தண்டவாளம்வரை நடந்து சென்று, இரு பக்கமும் ரயிலோ டிராலியோ வரவில்லை என்று கண்டு, வண்டியை முன்னின்று கடத்திவிட வேண்டும். அப்படி ஒருவரும் இல்லையேல் ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும். நடந்து சென்று பார்ப்பவர் வண்டிக்குத் திரும்பாமல் அங்கேயே நின்று கைகாட்டுவதால், கார்டோசோ சுட்டிய குறை பெருமளவு நீங்கிவிடுகிறது. தனியே வரும் ஓட்டுநருக்கு மட்டும் அக்குறை அப்படியே நிற்கிறது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 161ஆம் பிரிவு, நின்று பாராமல் கடப்பவருக்கு ஓராண்டுவரை சிறை என்கிறது.

எனினும் ஓட்டுநர் தவறினார் என்பதோடு கணக்கு முடிந்துவிடுமா? 1979 மே 9ஆம் நாள் கேரளத்தின் அகப்பறம்பு என்னும் இடத்தில், வாடகைக்கு அமர்த்தப்பட்ட பயணிகள் வாகனம் ஒன்று ஆளில்லாக் கடவில் ஜெயந்தி ஜனதா எக்ஸ்பிரஸில் மோதுண்டு, நாற்பது பேரளவில் மாண்டனர். வழக்கு இந்திய உச்சநீதிமன்றம்வரை சென்று, 1997இலேதான் முடிவுக்கு வந்தது. கேட் அமைக்கும்படி அரசு ஆணையிடவில்லையே என்று ரயில்வே வாதிட்டது. ஆணை இல்லாவிடினும், போக்குவரத்து மிகுந்த கடவில் மக்களைக் காக்கும் கடமை ரயில்வேக்கு உண்டென்றது நீதிமன்றம். ஓட்டுநரின் பிழையைப் பின்னிருக்கையில் அமர்ந்திருந்தவர் தலையில் ஏற்ற முடியாது என்பதும் அத்தீர்ப்பில் உறுதியாயிற்று. இறந்தோரின் வீட்டார் பதினெட்டாண்டுகள் காத்திருந்து பெற்ற சொல் இது.

2018 ஏப்ரல் 26ஆம் நாள் உத்தரப்பிரதேசத்தின் குஷிநகரில், ஆளில்லாக் கடவில் பள்ளி வேன் மோதுண்டு 13 குழந்தைகள் மாண்டனர். 2019 ஜனவரி முடிவதற்குள் அகலப்பாதைகளில் ஆளில்லாக் கடவு ஒன்றுகூட இல்லாமல் அகற்றப்பட்டது. ‘இறங்கிப் பார்’ என்ற கட்டளைக்கு இனிப் பெரும்பாலும் வேலையில்லை என்றே பலரும் எண்ணியிருப்போம். 2025 ஜூலை 8ஆம் நாள் காலை கடலூரை அடுத்த செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் ஒன்று பயணிகள் ரயிலில் மோதுண்டு மூன்று பிள்ளைகளை இழந்தோம். அங்கே கேட் இருந்தது. அதைக் காக்க ஊழியரும் இருந்தார். ஆனால் அது சிக்னலோடு பிணைக்கப்படாத கேட். பிணைக்கப்பட்ட கேட்டாயின், மூடிப் பூட்டினாலொழிய ரயிலுக்கு வழிவிடும் சிக்னல் விழாது.

கடவைக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்கி, அந்தப் பெருக்கம் 20,000க்கு மேற்பட்டால்தான் கேட்டைச் சிக்னலோடு பிணைப்பது என்பது அதுவரை ரயில்வே வைத்திருந்த கணக்கு. விபத்து நடந்த சில நாட்களில் அது 10,000 ஆகக் குறைக்கப்பட்டது.