எல்லாருக்கும் பொருந்திய சட்டை

முதலில் இந்த வரிகளைப் படியுங்கள். "நெருங்கியவர்களிடம் நீங்கள் கலகலப்பாகப் பேசுவீர்கள், புதியவர்களிடம் சற்று ஒதுங்கியே இருப்பீர்கள். உங்கள் உழைப்புக்கு உரிய பாராட்டு இன்னும் கிடைக்கவில்லை என்ற மனக்குறை உங்களுக்கு உண்டு. ஒரு முடிவை எடுத்த பிறகு, அது சரிதானா என்று தனிமையில் எண்ணிப் பார்ப்பீர்கள்."

உங்களைப் பற்றிச் சரியாகச் சொல்லிவிட்டேனா? ஆனால் நான் உங்களைப் பார்த்ததே இல்லை. அடுத்த வீட்டுக்காரர் படித்தாலும் "அட, என்னைப் பற்றியல்லவா எழுதியிருக்கிறது!" என்றுதான் சொல்வார். இந்த வியப்புக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

மனிதனின் குணங்களை வினாத்தாள் கொண்டு அளக்கும் முயற்சி முதல் உலகப் போரின்போது வேகம் பெற்றது. 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியது. குண்டுவீச்சின் அதிர்ச்சியால் மனம் கலங்கக்கூடிய வீரர்களை முன்கூட்டியே கண்டறிய வேண்டியிருந்தது. ராபர்ட் உட்வொர்த் என்னும் உளவியல் அறிஞர் இதற்காக நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகளைத் தொகுத்தார். நன்றாகத் தூங்குகிறீர்களா என்பது போன்ற கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் "ஆம்", "இல்லை" என்று பதில் சொன்னால் போதும். அது முழுப் பயனுக்கு வருமுன் போர் முடிந்துவிட்டது. ஆனால் அந்த முறை நிலைத்துவிட்டது. பிறகு வந்த பல ஆளுமைச் சோதனைகளுக்கு அதுவே முன்னோடி.

சோதனைகள் பெருகின. அவை உண்மையைத்தான் சொல்கின்றனவா? "என்னைப் பற்றிச் சரியாகச் சொல்கிறது" என்று சோதனைக்கு உட்பட்டவரே ஒப்புக்கொண்டால் போதும் என்று பலர் நினைத்தார்கள்.

1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்னும் அமெரிக்க உளவியலாளர் தம் வகுப்பில் 39 மாணவர்களுக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்தார். ஒரு வாரம் கழித்து, ஒவ்வொருவர் பெயரையும் எழுதித் தனித்தனியே அறிக்கை கொடுத்தார். அது எவ்வளவு பொருந்துகிறது என்று 0 முதல் 5 வரை மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 4.26! நான்குக்குக் கீழே மதிப்பெண் இட்டவர் ஐந்து பேர்தாம். பிறகுதான் உண்மை வெளிப்பட்டது. 39 அறிக்கைகளும் ஒன்றே. அதிலிருந்த 13 வாக்கியங்களில் பெரும்பாலானவை கடையில் விற்ற ஒரு சோதிட நூலிலிருந்து எடுக்கப்பட்டவை!

இயற்பியல் படிப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மருத்துவமனையில் 39 நோயாளிகளுக்கும் வெப்பமானி ஒரே அளவைக் காட்டினால், நோயாளிகள் மகிழ்ந்தாலும் மருத்துவர் அந்தக் கருவியைத் தூக்கி எறிவார். எல்லாருக்கும் பொருந்துவது எவரையும் அளப்பதில்லை. 1956இல் பால் மீல் எழுதிய கட்டுரை வழியே இத்தகைய பொது வருணனைக்குச் சர்க்கஸ் முதலாளி பார்னத்தின் பெயர் வழங்கலாயிற்று. 'பார்னம் விளைவு' என்பது அதுதான்.

அப்படியானால் ஆளுமைச் சோதனைகள் எல்லாமே வீணா? இல்லை. 1936இல் ஆல்போர்ட், ஆட்பர்ட் இருவரும் ஆங்கில அகராதியிலிருந்து மனிதரை வருணிக்கும் ஏறத்தாழ 18,000 சொற்களைத் திரட்டினார்கள். இத்தகைய சொற்களைப் பலர் ஆண்டுக்கணக்கில் புள்ளியியல் முறையில் ஆராய்ந்தபோது, கலகலப்பு, பொறுப்புணர்ச்சி, இணக்கம், மனக்கலக்கம், புதுமை நாட்டம் என ஐந்து பெரும் பண்புகள் தெளிந்தன. இவற்றில் மனிதர் வகை வகையாகப் பிரிவதில்லை; உயரத்தைப் போலக் கூடியும் குறைந்தும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் நடுவில்தான்.

வேலைக்கோ படிப்புக்கோ உங்கள் நிறைகுறைகளைச் சொல்லும் தாள் ஒன்று உங்கள் கைக்கும் வரலாம். அதை நம்பிப் பாதையை மாற்றுமுன் ஒரு செய்முறை செய்து பாருங்கள். ஐந்து நண்பர்கள் அதே சோதனையை எழுதி, அறிக்கைகளில் பெயர்களை மறைத்துக் கலந்து வையுங்கள். உங்களுடையது எது என்று தேடி எடுங்கள். குருட்டுத்தனமாக எடுத்தாலே ஐந்தில் ஒரு வாய்ப்பு உண்டு. ஐவரும் பலமுறை வெவ்வேறு சோதனைகளில் முயன்றும் அதற்கு மேல் தேறவில்லை என்றால், அந்தத் தாள்கள் உங்களைப் பற்றிப் பேசவில்லை.

நம் குறையைச் சொல்லும் சொல் சற்று உறுத்த வேண்டும். அடுத்தவருக்குப் பொருந்தாமலும் இருக்க வேண்டும். எல்லார் உடம்புக்கும் சரியாக இருக்கும் சட்டையை எந்தத் தையற்காரரும் அளவெடுத்துத் தைத்திருக்க மாட்டார்.